கொடைக் கல்லீரல்: ஐஸ் பெட்டியா, குளிர் இயந்திரமா, உடல்சூட்டு இயந்திரமா?

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவதற்கு இடையில் சில மணி நேரம் கழிகிறது. அந்த நேரத்தில் கல்லீரலை எப்படி வைத்திருப்பது என்பதற்கு நீண்ட காலம் ஒரே விடைதான் இருந்தது: குளிர்ந்த கரைசல், ஐஸ் பெட்டி, வேகமான வண்டி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டு இயந்திர வழிகள் அதனோடு போட்டிக்கு வந்துவிட்டன. ஒன்று, கல்லீரலைக் குளிரிலேயே வைத்து ஆக்சிஜன் ஏற்றிய கரைசலை அதனுள் ஓட்டுவது. மற்றொன்று, 37 டிகிரி சூட்டில் ரத்தத்தையே ஓட்டி, கல்லீரலை உடலுக்கு வெளியிலும் வேலை செய்ய வைப்பது. எதில் பணத்தையும் ஆளையும் போடுவது என்பது இப்போது உறுப்பு மாற்று மையங்கள் முன்னால் நிற்கும் உண்மையான கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து கூடிய கல்லீரல்களுக்கு, பொருத்துவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் குளிரில் ஆக்சிஜன் ஓட்டுவதே ஒரு மையம் முதலில் கைக்கொள்ள வேண்டிய வழி. உடல்சூட்டு இயந்திரம் பல மையங்கள் பகிர்ந்துகொள்ளும் கருவியாக அதன் பிறகு வரலாம். ஏன் இந்த வரிசை என்பதைப் புரிந்துகொள்ள, கல்லீரலுக்குக் காயம் எப்போது, எந்த இடத்தில் ஏற்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இயந்திரங்களின் விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

காயம் எங்கே விழுகிறது

ரத்த ஓட்டம் நின்றதும் செல்களுக்கு ஆக்சிஜன் வராது. ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு நிமிடக் கணக்கில் தீர்ந்துபோகிறது. அதை நம்பி இயங்கும் சோடியம்-பொட்டாசியம் பம்புகள் நின்றுவிடுகின்றன. சோடியம் உள்ளே புகுந்து நீரையும் இழுத்துவர, செல் வீங்குகிறது. கால்சியமும் உள்ளே சேர்கிறது. குளிர்விப்பது இதையெல்லாம் மெதுவாக்கும். 4 டிகிரியில் செல்லின் வளர்சிதை மாற்றம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குறைகிறதே தவிர நிற்பதில்லை. பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் கல்லீரல் மிக மெதுவாகத் தன் கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்சினேட் என்ற வேதிப்பொருள் குவிகிறது. ஆக்சிஜன் இல்லாததால் அதை எரிக்க வழியில்லை. பொருத்திய பிறகு கிடுக்கிகளை விடுவித்ததும் 37 டிகிரி ரத்தம் நிறைய ஆக்சிஜனோடு பாய்கிறது. குவிந்திருந்த சக்சினேட் ஒரே மூச்சில் எரிகிறது. அப்போது எலக்ட்ரான்கள் பின்னோக்கித் தள்ளப்பட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக் கூட்டமைப்பில் கட்டுக்கடங்காத ஆக்சிஜன் கூறுகளாகச் சிதறுகின்றன. இந்த வழியைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களை உள்ளடக்கிய ஒரு குழு 2014-ல் விலங்குத் திசுக்களில் தெளிவாகக் காட்டியது. கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்கள் உரிகின்றன. கல்லீரலிலேயே வாழும் பாதுகாப்பு செல்களான குப்ஃபர் செல்கள் விழித்தெழுந்து அழற்சியைக் கிளப்புகின்றன. மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வயல் உடைகிறதே, அதைப் போல. ஆகவே காயத்தின் பெரும்பகுதி, கல்லீரல் பெட்டியில் கிடக்கும்போது விழுவதைவிட ரத்தம் திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில்தான் விழுகிறது. பெட்டியில் கழிந்த மணி நேரங்கள் அதற்கான சரக்கைச் சேர்த்து வைக்கின்றன.

இன்னோர் இடமும் உண்டு. பெரும்பாலோர் பேசும்போது அதை விட்டுவிடுகிறார்கள். கல்லீரல் செல்களுக்குக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி என்ற இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது. பித்தநாளங்களோ தமனியிலிருந்து பிரியும் மெல்லிய குழாய் வலையை மட்டுமே நம்பியிருக்கின்றன. அந்த வலை சேதமானால் கல்லீரல் முதல் வாரத்தில் நன்றாகவே வேலை செய்யும். ரத்தப் பரிசோதனையில் நொதிகள் இறங்கும், நோயாளி வீடு திரும்புவார். சில மாதங்கள் கழித்துக் கண் மஞ்சளாகும், குளிர் காய்ச்சல் வரும். பித்தநாளங்கள் பல இடங்களில் சுருங்கியிருப்பது படத்தில் தெரியும். அதற்குப் பிறகு அந்த நோயாளியின் வாழ்க்கை ஸ்டென்ட் வைப்பதும் மாற்றுவதும் மறுபடி அனுமதியாவதுமாகப் போய்விடும். சிலருக்கு இரண்டாவது முறை கல்லீரல் தேவைப்படும். ஒரு பாதுகாப்பு முறையை எடைபோடும்போது முதல் வாரத்து நொதி அளவோடு நிறுத்தாமல் ஆறாவது மாதத்துப் பித்தநாளத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐஸ் பெட்டி: எளிமையின் வலிமையும் எல்லையும்

கல்லீரல் எடுக்கும் அறுவையில் ஒரு கட்டம் உண்டு. வயிற்றுப் பெருந்தமனியில் குழாய் செருகியிருப்பார்கள். மேலே கிடுக்கி விழுந்ததும் குளிர்ந்த கரைசல் லிட்டர் லிட்டராக உள்ளே பாயும். அதே நொடியில் வயிற்றுக்குள் நொறுக்கிய ஐஸை அள்ளிப் போடுவார்கள். செம்பழுப்பாக இருந்த கல்லீரல் கண்ணெதிரே வெளிறி, ஈர மணலின் நிறத்துக்கு வரும். வெளியேறும் திரவம் தெளிவாகும் வரை கழுவல் தொடரும். பித்தநாளத்தையும் தனியாகக் கழுவ வேண்டும். உள்ளே தங்கிய பித்தம் அதன் உள்தோலை அரித்துவிடும். பிறகு கரைசலோடு ஒரு பை, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மூன்றாவது என்று கட்டி, ஐஸ் நேரடியாகத் திசுவில் படாதபடி பெட்டியில் வைப்பார்கள். இந்த அரை மணி நேர வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் பின்னால் எந்த இயந்திரம் வந்தும் முழுதாக மீட்க முடியாது.

எந்தக் கரைசல் என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. 1960-களின் இறுதியில் வந்த காலின்ஸ் கரைசலும் அதன் திருத்திய வடிவமும் கல்லீரலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் தந்தன. 1980-களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுதார்டும் உருவாக்கிய கரைசல் அந்த எல்லையைப் பெரிதும் நீட்டியது. செல்லுக்குள் எளிதில் புகாத லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸும் வீக்கத்தைத் தடுக்கின்றன. குளுட்டத்தயோனும் அல்லோப்யூரினாலும் ஆக்சிஜன் கூறுகளை அடக்க உதவுகின்றன. அடினோசின், ஏ.டி.பி.யைத் திரும்பக் கட்டுவதற்கான மூலப்பொருள். இதன் குறைகள் இரண்டு. ஒன்று பிசுபிசுப்பு. மற்றது மிக உயர்ந்த பொட்டாசியம்: ரத்தம் திறப்பதற்கு முன் நன்றாகக் கழுவாவிட்டால் அது நேராக நோயாளியின் இதயத்துக்குப் போகும்.

ஜெர்மனியின் பிரெட்ஷ்னைடர் முதலில் இதய அறுவைக்காக உருவாக்கிய எச்.டி.கே. கரைசல் தண்ணீர் போல ஓடும், பொட்டாசியமும் குறைவு. லிட்டர் விலையும் குறைவு என்றாலும் அளவு அதிகம் தேவைப்படும். குறுகிய நேரத்துக்கு இரண்டும் ஏறத்தாழ சமம். நேரம் நீளும்போது, குறிப்பாக எட்டு மணி நேரத்தைத் தாண்டும்போது, எச்.டி.கே. பின்தங்குகிறது என்று அமெரிக்கப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. 2015-ல் வெளியான ஐரோப்பியப் பதிவேட்டு ஆய்விலும் அதன் நிலை பின்னால்தான். பிரான்ஸில் தோன்றிய ஐ.ஜி.எல்.-1 கரைசல் விஸ்கான்சினுக்கு இணையாக நின்றது. கொடையாளர் தொலைவில் இருந்தால் எச்.டி.கே.யை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சரி, பெட்டி யாருக்குப் போதும்? இளவயதுக் கொடையாளர், கொழுப்புப் படியாத கல்லீரல், ஆறேழு மணி நேரத்துக்குள் பொருத்தும் வாய்ப்பு இருந்தால் பெட்டியே போதும். உயிரோடிருக்கும் உறவினர் கல்லீரலின் ஒரு பகுதியைத் தரும்போது இரண்டு அறுவை அரங்குகளும் அடுத்தடுத்து இருக்கும், குளிர் நேரம் மிகக் குறைவு; அங்கே இயந்திரத்துக்கு வேலையே இல்லை. இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பாலானவை இந்த வகை என்பதை இயந்திரம் வாங்கப்போகும் நிர்வாகம் நினைவில் வைக்க வேண்டும்.

பெட்டி தோற்பது எங்கே? நேரம் பத்து, பன்னிரண்டு மணியைத் தாண்டும்போது. கொழுப்பு மிகுந்த கல்லீரலில் அதற்கும் முன்பே. இதயத்துடிப்பு நின்ற பிறகு எடுக்கப்படும் கல்லீரலில் குளிர்விப்பதற்கு முன்பே சூட்டில் காயம் விழுந்திருப்பதால் பித்தநாளங்கள் சட்டென்று பழுதாகின்றன. இன்னொன்றும் உண்டு: பெட்டிக்குள் இருக்கும் கல்லீரல் நம்மிடம் ஒன்றும் சொல்லாது. அது தேறுமா என்பதை அனுபவமுள்ள கையும் கண்ணும் ஒரு சிறு திசுத் துண்டும் பார்த்து ஊகிப்பதோடு சரி. அந்த ஊகத்தில் பயம் கலக்கும்போது, பயன்பட்டிருக்கக்கூடிய கல்லீரல்களும் ஒதுக்கப்படுகின்றன. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு இது மிகப் பெரிய இழப்பு. ஒப்புதல் கொடுத்த குடும்பத்துக்கும் இழப்புதான்.

குளிர் இயந்திரம்: கடைசி ஒன்றிரண்டு மணி நேரம்

இதன் எண்ணம் எளிது. கல்லீரலை வழக்கம்போல் பெட்டியிலேயே கொண்டு வாருங்கள். பெறுபவரின் பழைய கல்லீரலை அகற்றும் வேலை நடக்கும்போது, பக்கத்து மேசையில் போர்ட்டல் சிரையில் ஒரு குழாய் செருகி, 8 முதல் 12 டிகிரியில், ஆக்சிஜன் நிரம்பிய கரைசலை மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுங்கள். ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் போதும். ரத்தம் தேவையில்லை. ஸூரிக்கில் பிலிப் டட்கோவ்ஸ்கியும் அவருடைய குழுவும் வளர்த்தெடுத்த இந்த முறையை ‘ஹோப்’ என்று அழைக்கிறார்கள். அதற்கு முன்பே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் குவாரெரா மனிதக் கல்லீரல்களில் குளிர் ஓட்டத்தைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ராபர்ட் போர்ட்டேயின் குழு தமனி வழியாகவும் சேர்த்து ஓட்டும் முறையை வளர்த்தது.

குளிரில் ஆக்சிஜன் கொடுத்து என்ன பயன் என்று தோன்றலாம். பயன் பெரியது. குவிந்திருக்கும் சக்சினேட், செல் மந்தமாக இருக்கும் அந்த வெப்பநிலையில் மெல்ல மெல்ல எரிகிறது. சேதம் செய்யும் அளவுக்கு வேகம் எடுப்பதில்லை. ஏ.டி.பி. கையிருப்பு திரும்ப நிறைகிறது. பிறகு 37 டிகிரி ரத்தம் பாயும்போது வெடிக்க அங்கே அதிகம் மிச்சமில்லை.

சான்றுகளைப் பார்ப்போம். க்ரோனிங்கன் குழு தலைமையேற்ற ஆய்வு 2021-ல் வெளியானது. இதயத்துடிப்பு நின்ற பின் எடுக்கப்பட்ட கல்லீரல்கள், 160 நோயாளிகள், பாதிப் பேருக்கு பெட்டி மட்டும், பாதிப் பேருக்கு பெட்டியோடு இரண்டு மணி நேரக் குளிர் ஓட்டம். ஆறு மாதத்தில் அறிகுறியோடு கூடிய பித்தநாளச் சுருக்கம், பெட்டிக் குழுவில் 18 விழுக்காடு, இயந்திரக் குழுவில் 6. மூன்றில் ஒரு பங்கு. வெறும் இரண்டு மணி நேரச் சிகிச்சை இவ்வளவு செய்வது அறுவை மருத்துவத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

மூளைச்சாவுக் கொடையாளர்களிடம் என்ன நிலை? நமக்கு இதுதான் முக்கியம். ஜெர்மனியின் ஆகென் நகரை மையமாகக் கொண்ட ஆய்வு, ஆபத்து கூடிய மூளைச்சாவுக் கொடையாளர் கல்லீரல்களில் 46 நோயாளிகளை வைத்து நடந்தது. கல்லீரல் காயத்தைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியின் உச்ச அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவமனையிலும் தங்கிய நாள்களும் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஐரோப்பாவின் பல மையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வோ, எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துக் கணக்கிட்ட தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனால் கல்லீரல் சார்ந்த கடுமையான சிக்கல்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இயந்திரக் குழு மேலாக இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் கல்லீரலுக்கு இதனால் கிடைப்பது கொஞ்சம், மோசமான கல்லீரலுக்குக் கிடைப்பது நிறைய என்றே நான் படிக்கிறேன்.

2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக எடைபோட்டது. குளிரில் ஆக்சிஜன் ஓட்டம், பெட்டியோடு ஒப்பிடும்போது, பொருத்திய கல்லீரல் நீடித்திருப்பதை மேம்படுத்துகிறது என்பது அதன் முடிவு. உடல்சூட்டு ஓட்டத்துக்கு அப்படிச் சொல்லும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஒதுக்கப்படும் கல்லீரல்களைப் பயனுக்குக் கொண்டுவருவதில் அதற்கு இடமிருக்கிறது. நான் முதலில் சொன்ன வரிசைக்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

எண்களில் வராத ஒரு காரணமும் என் மனத்தில் இருக்கிறது. இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும்? மின்சாரம் போகலாம், குழாய் மடங்கலாம், பம்பு பழுதாகலாம். குளிர் இயந்திரம் நின்றால் கல்லீரல் குளிரில்தான் இருக்கும். ஐஸுக்குத் திருப்பினால் பழைய முறைக்கே திரும்பிவிட்டோம், அவ்வளவுதான். உடல்சூட்டு இயந்திரம் நின்றால் 37 டிகிரியில் ரத்தம் ஓடாத கல்லீரல் மேசையில் இருக்கும். சில நிமிடங்களுக்குள் அதைக் குளிர்விக்க வேண்டும். நடு இரவில், இரண்டு மருத்துவர்களும் ஒரு தொழில்நுட்பரும் மட்டுமே உள்ள இடத்தில் இந்த வேறுபாடு எந்த ஆய்வு எண்ணையும்விடப் பெரியது.

குளிர் முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. கல்லீரல் அதில் விழித்திருப்பதில்லை, ஆகவே சோதித்துப் பார்ப்பது கடினம். கரைசலில் கசியும் எஃப்.எம்.என். என்ற பொருளின் ஒளிர்வை அளந்து மைட்டோகாண்ட்ரியாவின் நிலையைக் கணிக்கும் முறையை ஸூரிக் குழு கொண்டுவந்திருக்கிறது. நம்பிக்கை தருகிறது என்றாலும் எல்லா மையங்களும் ஏற்ற அளவுகோலாக இன்னும் ஆகவில்லை.

உடல்சூட்டு இயந்திரம்: பித்தம் சுரக்கும் கல்லீரல்

இது பார்ப்பவரை அசரவைக்கும் கருவி. கல்லீரல் தமனி, போர்ட்டல் சிரை, பெருஞ்சிரை மூன்றிலும் குழாய்கள், பித்தநாளத்தில் நான்காவது. பொதிந்த சிவப்பணுக்கள், உறைவைத் தடுக்க ஹெப்பாரின், இன்சுலின், ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து, பித்த உப்பு, ஊட்டச்சத்துக் கரைசல் எல்லாம் சேர்ந்து சுற்றுகின்றன. வெளிறிக் கிடந்த கல்லீரல் சில நிமிடங்களில் சிவந்து மென்மையாகிறது. சிறு குழாயில் பொன்பழுப்பாகப் பித்தம் சொட்டத் தொடங்குகிறது. மருத்துவர் ரத்தத் துளியை எடுத்து, ஆக்சிஜன் குறைவில் சேரும் லாக்டேட்டின் அளவைப் பார்க்கிறார். தொடக்கத்தில் உயர்ந்து நிற்கும் அந்த எண் சில மணி நேரத்துக்குள் லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்கு இறங்கினால், இந்தக் கல்லீரல் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம். பித்தத்தின் கார அமிலத் தன்மை, குளுக்கோஸ், தமனி ஓட்டம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் வாய்மூடிக் கிடந்த உறுப்பு இங்கே பதில் சொல்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஃப்ரெண்டும் கான்ஸ்டன்டின் கூசியோஸும் உருவாக்கிய ‘ஆர்கன்ஆக்ஸ்’ கருவியில் வைத்திருந்த கல்லீரலை 2013-ல் லண்டனின் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தினார்கள். 2018-ல் வெளியான அவர்களின் ஆய்வில் 220 மாற்றுகள். நொதி அளவில் காயம் பாதியாகக் குறைந்தது. ஒதுக்கப்படும் கல்லீரல்களும் பாதியாகின. வைத்திருந்த சராசரி நேரமோ 54 விழுக்காடு கூடியிருந்தது. இவை உண்மையிலேயே பெரிய ஆதாயங்கள். ஆனால் பித்தநாளச் சிக்கல்களிலும், கல்லீரல் நீடிப்பிலும், நோயாளிகள் பிழைப்பதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

2022-ல் வெளியான அமெரிக்காவின் ‘ப்ரொடெக்ட்’ ஆய்வு வேறு கருவியைக் கொண்டு 300 நோயாளிகளில் நடந்தது. இதில் கல்லீரல் கொடையாளர் மருத்துவமனையிலேயே இயந்திரத்தில் ஏறிவிடும். வழியெல்லாம் ரத்தம் ஓடிக்கொண்டே வரும். பொருத்திய கல்லீரல் தொடக்கத்தில் சரியாக இயங்காமல் தடுமாறியது பெட்டிக் குழுவில் 31 விழுக்காடு, இயந்திரக் குழுவில் 18. பித்தநாளப் பாதிப்பு ஓராண்டில் 9.9 விழுக்காட்டிலிருந்து 2.6-ஆகக் குறைந்தது.

இந்த எண்ணைக் கண்டு யாரும் அவசரப்பட வேண்டாம். பர்மிங்ஹாம் குழுவின் ‘விட்டல்’ ஆய்வை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், எல்லா மையங்களும் கைவிட்ட 31 கல்லீரல்களைப் பெட்டியில் கொண்டுவந்து உடல்சூட்டு இயந்திரத்தில் ஏற்றிச் சோதித்தார்கள். 22 தேறின, 22 பேருக்குப் பொருத்தினார்கள், 90 நாளில் அத்தனை பேரும் உயிரோடிருந்தார்கள். குப்பைக்குப் போகவிருந்த 22 கல்லீரல்கள்! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் அந்த 22 பேரில் நான்கு பேருக்குப் பின்னால் பித்தநாளம் சுருங்கி மறுபடி கல்லீரல் மாற்ற வேண்டியதாயிற்று. குளிரில் கிடந்த பிறகு கடைசியில் சூடேற்றும் முறை கல்லீரலைச் சோதிக்கிறது, பித்தநாளத்தை அவ்வளவாகக் காப்பதில்லை. சக்சினேட் கதையை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். மறுஓட்டக் காயம் நோயாளியின் உடலில் நிகழ்வதற்குப் பதிலாக இயந்திரத்துக்குள் நிகழ்ந்துவிடுகிறது.

ஆகவே உடல்சூட்டு இயந்திரத்தின் முழுப் பயன் வேண்டுமென்றால் அதைக் கொடையாளர் மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும். அதற்கு வாகனம், பயிற்சி பெற்ற ஆள், ரத்த வங்கியின் ஒத்துழைப்பு, ஒவ்வொரு முறையும் தூக்கி எறிய வேண்டிய குழாய்த் தொகுதி எல்லாம் தேவை. அமெரிக்காவில் இந்தத் தொகுதியின் செலவே பல பத்தாயிரம் டாலரைத் தொடுகிறது.

க்ரோனிங்கன் குழு இரண்டையும் சேர்த்து ஒரு வழி செய்தது: முதலில் ஒரு மணி நேரம் குளிரில் ஆக்சிஜன், பிறகு மெதுவாகச் சூடேற்றல், பிறகு 37 டிகிரியில் சோதனை. யாரும் ஏற்காத 16 கல்லீரல்களில் 11 தேறிப் பொருத்தப்பட்டன. அறிவியல் ரீதியாக எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் இதைச் செய்ய மிகவும் கைதேர்ந்த குழு வேண்டும்.

எல்லைக்கு அப்பாலும் வேலைகள் நடக்கின்றன. ஸூரிக்கில் பியர்-அலன் கிளாவியனின் குழு மூன்று நாள் இயந்திரத்தில் வைத்திருந்த ஒரு கல்லீரலை 2021-ல் ஒரு நோயாளிக்குப் பொருத்தி, அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. சீனாவின் குவாங்சோவில் ரத்த ஓட்டத்தை ஒரு நொடியும் நிறுத்தாமல் மாற்றும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பாஸ்டனில் சுழியத்துக்குக் கீழே 4 டிகிரியில், உறையாமல் வைக்கும் முயற்சி நடந்தது. இன்று முடிவெடுக்கும் மையத்துக்கு இவை எதுவும் உடனடித் தேர்வு ஆகாது.

தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும்

தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவுக் கொடைத் திட்டம் நடக்கிறது. 2014-ல் அமைந்த தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பட்டியலைப் பராமரித்துப் பங்கீடு செய்கிறது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடக்கும், இதயத்துடிப்பு நின்ற பின் கொடை இங்கே நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். நம் கொடையாளர்கள் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்கள்; அவர்களில் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் நிறைய. ஆகவே 18-லிருந்து 6 என்ற அந்த அழகான எண்ணை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது. நம்மிடம் பித்தநாளம் அந்த அளவுக்கு அடிபடுவதில்லை.

நம்முடைய சிக்கல்கள் வேறு. ஒன்று கொழுப்புக் கல்லீரல். குடிப்பழக்கம், நீரிழிவு, தொப்பை எல்லாம் கொடையாளரிடமும் இருக்கின்றன. கொழுப்பு நிறைந்த செல் குளிரையும் மறுஓட்டத்தையும் தாங்காது. இரண்டாவது தொலைவு. மதுரையிலோ திருநெல்வேலியிலோ எடுக்கும் கல்லீரல் சென்னைக்கு வந்தால், போக்குவரத்துக் காவலர்கள் வழிவிட்டு விமானமும் கிடைத்தாலும், பெறுபவரின் அறுவை சிக்கலானால் நேரம் எட்டு மணியைத் தாண்டிவிடும். ஏற்கெனவே வயிற்றில் அறுவை நடந்தவருக்குப் பழைய கல்லீரலைப் பிரித்தெடுக்கவே பல மணி நேரமாகும். மூன்றாவது, இதையெல்லாம் செய்யும் ஆள்கள் குறைவு. ஒரே குழு பகலில் உறவினர் கொடை அறுவையை முடித்துவிட்டு இரவில் இதற்கு நிற்கிறது.

இந்த மூன்றுக்கும் குளிர் இயந்திரம் பொருந்துகிறது. கொழுப்புக் கல்லீரலுக்கு மைட்டோகாண்ட்ரியாவைச் சீர்செய்கிறது. அறுவை நீண்டால் கல்லீரலை அதிலேயே இன்னும் சில மணி நேரம் விட்டுவைக்கலாம். நள்ளிரவு அறுவையைக் காலைக்குத் தள்ளுவதற்காகக் குளிர் ஓட்டத்தை நீட்டித்து, அதுவும் பாதுகாப்பானதே என்று க்ரோனிங்கனில் காட்டியிருக்கிறார்கள். களைத்த கைகள் நள்ளிரவில் தமனியைத் தைப்பதைவிட, உறங்கி எழுந்த கைகள் காலையில் தைப்பது நோயாளிக்கு எவ்வளவு நல்லது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிரையில் ஒரு குழாய், ரத்தம் வேண்டாம், நின்றாலும் ஆபத்தில்லை என்பதால் ஒரு தொழில்நுட்பர் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் அரசு மருத்துவமனை மாற்றுகளுக்கும் இதை நீட்டிக்க முடியும்.

உடல்சூட்டு இயந்திரத்தை ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் விளம்பரத்துக்காக ஆளுக்கொன்று வாங்கினால், ஆண்டில் நாலைந்து முறை மட்டும் கைபடும் கருவியில் யாருக்கும் தேர்ச்சி வராது. ஆணையத்தின் பொறுப்பில் சென்னையில் ஒன்று, மதுரை அல்லது கோவையில் ஒன்று என்று வைத்து, எந்த மையமும் ஏற்காத கல்லீரல் அங்கே சோதனைக்குப் போகட்டும். முதலில் குளிரில் ஆக்சிஜன், பிறகு சூடு. தேறினால் பட்டியலில் அடுத்தவருக்கு. தேறாவிட்டால் எதனால் என்பதாவது தெரியும்.

இயந்திரம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். கிடுக்கி விழுந்த நேரம், பெட்டி கிளம்பிய நேரம், ஐஸிலிருந்து எடுத்த நேரம், ரத்தம் திறந்த நேரம் இந்த நான்கையும் ஒவ்வொரு மாற்றிலும் எழுதிவைத்து மையங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டாலே குளிர் நேரம் எங்கே வீணாகிறது என்று தெரியும். கல்லீரலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தைக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் அது மெல்லச் சூடாகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஐஸ் நீரை ஊற்றிக்கொண்டே தைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

கூடவே, ஒதுக்கப்படும் ஒவ்வொரு கல்லீரலுக்கும் காரணத்தை ஆணையம் பதிவு செய்ய வேண்டும்: கொழுப்பா, நேரமா, நொதியா, மருத்துவரின் ஐயமா, ஆள் இல்லாததா. ஓராண்டுப் பதிவில் பெரும்பகுதி கொழுப்பும் ஐயமும் என்று வந்தால் உடல்சூட்டு இயந்திரத்துக்கு உடனே ஒப்பந்தப்புள்ளி கோரலாம். ஆளும் நேரமும் என்று வந்தால் அந்தப் பணம் குளிர் இயந்திரங்களுக்கும் இரவுப்பணிக் குழுவுக்கும் போகட்டும்.